மலை ஏறி வராத பெயர்

பாலாறு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் வேலூரும் ஆம்பூரும்தான் நினைவுக்கு வரும். இது அந்தப் பாலாறு அல்ல. மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், எல்லைச் சோதனைச் சாவடி அருகே குறுக்கிடும் சிற்றாறு. காட்டிலிருந்து இறங்கிக் காவிரியில் கலந்துவிடும். இந்தக் கரை சேலம் மாவட்டம். அந்தக் கரை 1997 வரை மைசூரு மாவட்டம், அதன்பின் சாமராஜநகர் மாவட்டம். வீரப்பன் காலத்தில் மட்டும் இந்தப் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. 1993 ஏப்ரலில் நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் இங்கே 22 பேர் இறந்தார்கள்.

இந்தக் காடுகளின் பழைய குடிகள் சோளகர்கள். கர்நாடகத்தில் சோலிகர் என்பார்கள். மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை, ஈரோட்டுப் பக்கம் பர்கூர், தாளவாடி என்று எல்லைக்கு இருபுறமும் பரவி வாழ்கிறார்கள். தமிழ்ப் பக்கம் அவர்கள் குடியிருப்புக்குத் தொட்டி என்று பெயர், கன்னடப் பக்கம் போடு. தேனும் நெல்லியும் சேகரித்து, ராகி விதைத்துப் பிழைத்தவர்கள். மேற்கே மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டையில் ஜேனு குறுபர்கள், வயநாட்டிலும் கூடலூரிலும் பணியர்கள், நீலகிரிச் சரிவுகளில் இருளர்கள், குறும்பர்கள். மொழியும் வழக்கமும் வேறுவேறான இந்த மக்களுக்குள் ஒரு நோய் பொதுவாக ஓடுகிறது. அது தலைமுறை தலைமுறையாக அவர்கள் உடம்பில் இருந்தது. அதன் பெயர் மட்டும் அவர்களிடம் வந்து சேரவில்லை.

நோய் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தலைகாட்டும். பிறந்து ஐந்தாறு மாதம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் கைவிரல்களும் பாதங்களும் வீங்கிப் பிள்ளை வீறிட்டு அழும். பூச்சி கடித்திருக்கும் என்று பச்சிலை வைத்துக் கட்டுவார்கள், வீக்கம் சில நாளில் வடிந்துவிடும். அடுத்து அடிக்கடி காய்ச்சல், சளி. கண்ணில் மஞ்சள் தட்டினால் காமாலை என்று மருந்து கொடுப்பார்கள். பள்ளிக்குப் போகும் வயதில், மழைக்காலம் தொடங்கியதும் முழங்காலிலும் முதுகிலும் எலும்புக்குள் யாரோ குடைவதுபோல வலி வரும். இரண்டு நாளோ பத்து நாளோ படுத்துக் கிடந்துவிட்டு, வலி விட்டதும் பிள்ளை எழுந்து ஓடும். அங்கேதான் சிக்கல். ஓடுகிற பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் நோயாளி என்று தோன்றாது. பள்ளிக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று ஆசிரியர் நினைப்பார், வேலைக்குக் கள்ளம் என்று பண்ணைக்காரர் நினைப்பார். வாதம் என்பார் ஒருவர், செய்வினை என்பார் இன்னொருவர். வயது ஏற ஏற இடுப்பு மூட்டு தேய்ந்து நடை சாய்ந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமலா இருந்தார்கள்? போனார்கள். பேருந்து பிடித்து, ஒருநாள் கூலியை விட்டு, மேட்டூருக்கோ கொள்ளேகாலுக்கோ போனார்கள். அங்கே விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மி" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த "ரத்தம் கம்மி" என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பல்லாண்டுக் காத்திருப்பின் காரணம் இதற்குள்தான் இருக்கிறது. சாதாரணப் பரிசோதனை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும். அது எப்படிப்பட்ட ஹீமோகுளோபின் என்று கேட்காது. நெல் மூட்டையை எடை போடுபவர் எடையைச் சொல்லலாம். உள்ளே இருப்பது பதரா என்று கையை விட்டு அள்ளிப் பார்த்தால்தான் தெரியும். எடை குறைவு என்று எழுதிக் கொடுத்ததில் பொய் இல்லை. ஆனால் குறைவுக்குக் காரணம் இரும்புச்சத்து அல்ல. அந்த மாத்திரையை எத்தனை மாதம் விழுங்கினாலும் வலி தீரப்போவதில்லை.

காரணம் மிகச் சிறியது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இவர்களுக்கு அந்த இடத்தில் வேலின் இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும்போது இந்த ஹீமோகுளோபின் ஒழுங்காகவே இருக்கும். திசுக்களுக்குப் போய் ஆக்சிஜனை இறக்கியதும், ஒரு மூலக்கூறு அடுத்ததோடு ஒட்டி, அது அதற்கடுத்ததோடு ஒட்டி, நீண்ட விறைத்த நார்களாகத் திரண்டுவிடும். வட்டமாக, நெகிழ்வாக, தன்னைவிட மெல்லிய குழாயிலும் நுழைந்து போக வேண்டிய சிவப்பணு, உள்ளிருந்து குத்தும் நார்களால் வளைந்து பிறை வடிவமாகும். அரிவாள் என்றதும் வீச்சரிவாளை நினைத்துவிடக் கூடாது. நெற்கதிர் அறுக்கும் கருக்கரிவாள்தான் இதன் வடிவம். வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு அப்பால் இருக்கும் எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் போகாது. வலி என்று அந்தப் பிள்ளை அழுதது இதற்குத்தான். நல்ல சிவப்பணு 120 நாள் வாழும், இவை 10 முதல் 20 நாளில் உடைந்து அழியும். உடைந்ததன் எச்சம்தான் கண்ணில் தெரிந்த மஞ்சள். குளிர், தண்ணீர் குடிக்காமை, காய்ச்சல், உடல் களைக்க உழைப்பது ஆகியவை அடைப்பைத் தூண்டும். மழையில் நனைந்தபடி, தண்ணீர் கொண்டுபோகாமல், பகல் முழுக்க எஸ்டேட்டில் குனிந்து வேலை செய்பவரின் நாளை நினைத்துப் பாருங்கள். இந்த நான்கில் மூன்று அதில் அன்றாடம் இருக்கும்.

அரிவாள் அணுச் சோகை என்பது இதன் தமிழ்ப் பெயர். கூடலூரில் பேச்சில் "சிக்கிள் செல்" என்றே சொல்கிறார்கள்.

அந்தப் பெயர் பிறந்த கதையிலும் ஒரு காத்திருப்பு உண்டு. 1904இல் கரீபியன் தீவான கிரனடாவிலிருந்து வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற இளைஞர் பல் மருத்துவம் படிக்கச் சிகாகோ வந்தார். அந்த டிசம்பரிலேயே மூச்சுத் தொல்லையோடு மருத்துவமனையில் சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் அவர் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நீண்டு வளைந்த விநோத அணுக்கள் தெரிந்தன. தன் மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். நோயல் திரும்பத் திரும்ப நோயில் விழுந்தார், அவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். 1910இல் ஹெரிக் கட்டுரையை வெளியிட்டபோது நோயல் படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பிப் பல் மருத்துவராக இருந்தார். 1916இல், 32 வயதில், நிமோனியாவில் இறந்தார். நோய்க்கு அரிவாள் அணுச் சோகை என்று வெர்ன் மேசன் பெயர் வைத்தது 1922இல். அதாவது, உலகம் இந்த நோயைக் கண்டுகொண்டதே நோயலின் ரத்தத்தில்தான். ஆனால் தனக்கு என்ன நோய் என்று சொல்ல ஒரு சொல் கிடைக்காமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. கானாவின் மருத்துவர் ஃபெலிக்ஸ் கொனோட்டே-ஆஹுலு, அங்குள்ள மொழிகளில் இந்த வலிக்கென்றே பழைய சொற்கள் இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார். கா மொழியில் "ச்வெச்வீச்வெ" என்பது அதில் ஒன்று. ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் வலியைக் காதில் கேட்கும்படி சொன்ன சொல் அது. சில குடும்பங்களில் இது வழிவழியாக வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல் இருந்தால் நோய் தீராது என்பது உண்மை. ஆனால், "நடிக்கிறாய்" என்று யாரும் சொல்ல முடியாது.

1949இல் லைனஸ் பாலிங்கும் அவரோடு பணியாற்றியவர்களும் நோயாளியின் ஹீமோகுளோபினே மாறுபட்டது என்று காட்டினார்கள். மூலக்கூறு அளவில் விளக்கப்பட்ட முதல் நோய் இதுதான். 1950களின் நடுவில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் அந்த ஒற்றை அமினோ அமில மாற்றத்தைக் கண்டுபிடித்தார். 1954இல் ஆந்தனி அலிசன், இந்த மரபணு ஏன் அழியாமல் நிற்கிறது என்பதற்கு விடை தந்தார். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவர்கள் நோயாளிகள் அல்ல, தாங்கிகள். அவர்களைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை. இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குத்தான் நோய். தாங்கிகளான தாய் தந்தைக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மலேரியா மண்டிக் கிடந்த மலையடிவாரக் காடுகளில் இந்த மரபணு தங்கியது ஏன் என்பது இப்போது விளங்கும். அந்தக் காடுகளில் பிழைத்திருக்க இவர்களின் முன்னோர் கொடுத்த விலை இந்த நோய்.

நம் பக்கத்துக் கதை 1952இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து, பணியர், இருளர், குறும்பர்களிடம் அரிவாள் அணு இருப்பதை அறிவித்தார்கள். லேமன் ஜெர்மனியில் பிறந்து, நாஜிக் காலத்தில் இங்கிலாந்து சென்ற யூதர், உலகப் போரின்போது ராணுவ மருத்துவராக இந்தியாவில் சோகை நோயை ஆராய்ந்தவர். கட்புஷ் ரத்த வகை ஆய்வில் பெயர் பெற்ற ஆஸ்திரேலியர். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இந்த நோய் பதிவானது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே அதுவரை எண்ணப்பட்டது இந்தியாவிலும் உண்டு என்று தெரிந்தது பெரிய செய்தி. லண்டன் இதழ்களில் அச்சானது, உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்பட்டது.

ஆனால் அந்தச் சோதனையின் நோக்கம் வேறு. எந்தக் குடி எந்தக் குடிக்கு உறவு, யார் எங்கிருந்து வந்தார்கள் என்று ரத்தத்தை வைத்து மக்களை வகைப்படுத்துவது அன்றைய மானிடவியலின் ஆர்வம். அறிவியலுக்கு அதனால் நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் விரலை நீட்டிய மனிதருக்கு, "ஐயா, உங்கள் பிள்ளையின் வலிக்குக் காரணம் இது" என்ற ஒரு வரி திரும்பப் போகவில்லை. மலையிலிருந்து ரத்தம் இறங்கிப் போனது. பெயர் மலை ஏறி வரவில்லை. 1952இல் பிறந்த நீலகிரிக் குழந்தைக்கு இருந்த நோயின் பெயர் கேம்பிரிட்ஜ் மாணவருக்குத் தெரியும், அந்தக் குழந்தையின் தாய்க்குத் தெரியாது. இந்த இடைவெளி ஓரிரு ஆண்டல்ல, முப்பது நாற்பது ஆண்டுகள்.

அந்த இடைவெளியைக் குறைத்தவர்கள் மலையிலேயே தங்கிய மருத்துவர்கள். பெங்களூரில் படித்த எச். சுதர்சன், பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்களிடையே பணிசெய்ய வந்து, 1981இல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். 1980களின் பிற்பாதியில் கூடலூருக்கு வந்த தேவதாசன், ரூபா என்ற மருத்துவத் தம்பதியர் முயற்சியில் அஸ்வினி அமைப்பும் ஆதிவாசி மருத்துவமனையும் உருவாயின. அங்கே செவிலியராகவும் ஊர் ஊராகப் போகும் நலப் பணியாளராகவும் இருப்பவர்கள் பணியர், குறும்பர் வீட்டுப் பெண்களே. இதை நான் மிகப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். வலி என்று சொல்லும் வார்த்தையை மொழிபெயர்ப்பு இல்லாமல் கேட்க ஒருவர் இருந்தால் பாதிக் காத்திருப்பு குறைந்துவிடும். அந்தப் பணியாளருக்கு, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை மழைக்காலத்தில் படுத்துவிடும், அதன் மாமனும் அப்படித்தானா என்பதெல்லாம் தெரியும். நகரத்து மருத்துவமனையின் நோயாளிச் சீட்டில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது.

இத்தனைக்கும் பரிசோதனை ஒன்றும் பிரமாதமானதல்ல. கரைதிறன் சோதனை என்பார்கள். ஒரு சிறு குழாயில் வேதிக் கரைசல், அதில் சொட்டு ரத்தம். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டை. ஐந்து பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால், நல்ல ரத்தம் என்றால் கரைசல் தெளிந்து கோடு தெரியும். அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் கலங்கிக் கோடு மறைந்துவிடும். மின்சாரம் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். தாங்கியா, நோயாளியா என்று இது பிரித்துச் சொல்லாது. அதற்கு எலக்ட்ரோபோரெசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. சோதனை செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் ஏமாற்றவும் கூடும், ஏனென்றால் கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் அப்போது இன்னும் மிச்சம் இருக்கும்.

அந்தக் கரு ஹீமோகுளோபினுக்கு இந்தியாவில் தனிக் கதை உண்டு. இங்குள்ள அரிவாள் அணு மரபணு, அரபு-இந்திய வகையைச் சேர்ந்தது. இந்த வகையினரிடம் வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் சற்று அதிகமாக நீடிக்கும். அது அணுக்கள் வளைவதைத் தடுப்பதால் சிலருக்கு நோய் மட்டுப்பட்டே இருக்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மட்டுப்பட்ட நோய் கண்ணில் படத் தாமதமாகும். இந்திய வகை லேசானது என்ற பேச்சைக் கேட்டு அசட்டையாக இருந்த மருத்துவர்களும் உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நிறைய ஆகும். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நோயுள்ள குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் கொடுத்ததில் கொடிய நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பென்சிலின் விலை மலிவான மருந்து. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே! ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை கரு ஹீமோகுளோபினைக் கூட்டி வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது. 1995இல் இது நிரூபிக்கப்பட்டது, 1998இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இந்தியாவில் கிடைக்கிறது. அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து என்பதால், நோய் உறுதியானவருக்கு மட்டுமே எழுத முடியும். ஃபோலிக் அமிலம், தடுப்பூசி, நிறையத் தண்ணீர், ஒரு கம்பளிச் சட்டை, காய்ச்சல் என்றால் காத்திராமல் மருத்துவமனை என இவை ஒவ்வொன்றும் பெயர் தெரிந்த பிறகே தொடங்கும். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரிவாள் அணு நோயும் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்கான சான்றிதழும் பரிசோதனைத் தாள் இல்லாமல் கிடைக்காது. 2023இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நோய்க்கான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தன. கோடிக்கணக்கில் செலவாகும் அந்தச் சிகிச்சை, பாலாற்றுக் கரைக்கு எப்போது வரும் என்பதைவிட, பென்சிலின் இன்று வந்ததா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கர்நாடகத்திலேயே இதற்கு மறுபக்கமாக இன்னொரு கதை உண்டு. 1970களின் நடுவில் சிவமொக்கா மாவட்டம் சாகர வட்டத்தில், ஹந்திகோடு என்ற ஊரில் ஏழைத் தொழிலாளர்களின் இடுப்பும் முழங்காலும் முடங்கத் தொடங்கின. வயலில் பிடித்த நண்டைத் தின்றதில் பூச்சிமருந்து உடம்பில் சேர்ந்ததோ என்று முதலில் சந்தேகித்தார்கள். பிறகு அது பரம்பரையாக வரும் எலும்பு நோய் என்று தெரிந்தது. ஊரின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். அங்கே பெயர் கிடைத்தும் தீர்வு கிடைக்கவில்லை. அரிவாள் அணு நோயில் பெயரும் இருந்தது, மருந்தும் இருந்தது, கொண்டுவந்து சேர்க்கத்தான் ஆள் இல்லை. இரண்டில் எது அதிகம் மன்னிக்க முடியாதது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசம் ஷாடோலில் தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்குவது என்பது இலக்கு. தமிழ்நாடும், கர்நாடகத்தின் மைசூரு, சாமராஜநகர் மாவட்டங்களும் இதில் உண்டு. 2025 நடுப்பகுதிக்குள் 6 கோடிக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டு, 2 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பது கண்டறியப்பட்டதாக அரசு அறிவித்தது. சோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். தாங்கியும் தாங்கியும் மணந்தால் என்ன ஆகும் என்று அட்டையை வைத்தே விளக்குகிறார்கள். ஜாதகம் பார்ப்பதுபோல இதையும் பாருங்கள் என்கிறார்கள்.

இங்கே ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். அட்டை முதலில் மருந்துக்கு உரியது, அதன் பிறகுதான் கல்யாணத்துக்கு. மாத்திரை மாதம் தவறாமல் போடுக்கும் தொட்டிக்கும் வராமல், அட்டை மட்டும் வந்தால், அது பெண்பிள்ளையின் நெற்றியில் ஒட்டிய சீட்டாகிவிடும். இத்தனை காலம் பெயர் இல்லாததால் பட்ட துன்பம் போதாதென்று, பெயர் வந்ததால் ஒரு துன்பமா? தாங்கி நோயாளி அல்ல. நோயாளியும் மருந்தோடும் கவனிப்போடும் படிக்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம். அட்டையைக் கொடுப்பவர் இதையும் அவர்கள் மொழியிலேயே, அவர்கள் வாசலில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இதை வாசிப்பவர் ஆசிரியராக இருக்கலாம், கிராமச் செவிலியராக இருக்கலாம், மலைப் பகுதிக்கு மாற்றலாகிப் போன இளம் மருத்துவராகவும் இருக்கலாம். மலைக்குடியில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அடிக்கடி எலும்பு வலி, விரல் வீக்கம், கண்ணில் மஞ்சள், இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத சோகை என்று கண்டால், "சிக்கிள் செல் பார்த்தாச்சா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்து நிமிடச் சோதனை அது.